நேதாஜி ஸ்போர்ட்ஸ் கிளப் முதல் சென்னை சிட்டி வரை: ஒரு கால்பந்துக் கழகத்தின் சரித்திரம்

(திருவான்மியூரில் நிகழ்த்தப்பெற்ற அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அறக்கட்டளைச் சொற்பொழிவு என்றால் அதற்கென்று நம்மிடையே ஒரு சம்பிரதாயம் ஏற்பட்டிருக்கிறது. திருமுறையோ, சங்கச் செய்யுளோ, கோயிற் சிற்பமோ, தேசிய இயக்கத்துப் பெரியார் ஒருவரின் வாழ்க்கையோ அதற்குப் பொருளாக அமைவது வழக்கம். மருந்தீசுவரர் சந்நிதியில் சாயரட்சை தரிசித்துவிட்டு அப்படியே நடந்து வந்து மண்டபத்தில் அமரும் திருவான்மியூர்ப் பெரியவர்களும் அதைத்தான் எதிர்பார்ப்பார்கள். அத்தகைய மேடையில் நின்றுகொண்டு, 1946இல் தோன்றி, 2019இல் ஐ லீக் சாம்பியன் என்ற பட்டத்தைப் பெற்று, அதற்கு அடுத்த இரண்டே பருவங்களோடு தேசிய லீகின் அட்டவணையிலிருந்து மறைந்துபோன ஒரு கால்பந்துக் கழகத்தைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று நான் தெரிவித்தபோது, அறக்கட்டளையார் சற்றே திகைத்தார்கள் என்பதை மறைப்பதற்கில்லை. திகைத்தார்களே தவிர மறுக்கவில்லை. அந்தப் பெருந்தன்மைக்கு முதலில் என் நன்றி உரியது.

கிரிக்கெட்டைப் பற்றிய பிரசங்கம் என்றால் இந்தத் திகைப்பும் இருந்திராது. 1888இல் புச்சிபாபு நாயுடு மதராஸ் யுனைடெட் கிளப்பை ஸ்தாபித்த நாள் முதல் மயிலாப்பூரும் லஸ்ஸும் திருவல்லிக்கேணியும் அந்த ஆட்டத்தைத் தம் வீட்டு விசேஷமாகவே பாவித்து வந்திருக்கின்றன. கார்ப்பரேஷன் ஸ்டேடியம் என்று அக்காலத்தில் வழங்கிய இன்றைய நேரு ஸ்டேடியத்தில், 1956 ஜனவரியில், நியூசிலாந்துக்கு எதிராக வினு மன்கட்டும் பங்கஜ் ராயும் முதல் விக்கெட்டுக்கு 413 ஓட்டங்கள் சேர்த்ததையும், அந்த டெஸ்ட் சாதனை 2008 வரை ஐம்பத்திரண்டு ஆண்டுகள் உலகில் எவராலும் முறியடிக்கப்படாமல் நின்றதையும், இந்த அவையிலேயே பேப்பரைப் பார்க்காமல் சொல்லக்கூடியவர்கள் சிலராவது இருப்பார்கள் என்பது என் துணிபு. அதே ஸ்டேடியத்தில், அதே புல்தரையில், அதற்குப் பிந்திய தலைமுறைகளில் மாலைதோறும் நடந்த சென்னைக் கால்பந்து லீக் ஆட்டங்களில் ஒன்றின் முடிவையாவது சொல்லுங்கள் என்று கேட்டால், நாம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியிருக்கும். இந்தப் பட்டணத்தில் கால்பந்து ஆடியவர்கள் ஏராளம். அதை எழுதிவைத்தவர்கள் மிகச் சொற்பம். ஆங்கில நாளிதழின் விளையாட்டுப் பக்கத்து அடிமூலையில், குதிரைப் பந்தயச் செய்திக்குக் கீழே, இன்ன அணி இன்ன அணியை வென்றது என்று பொடி எழுத்தில் வந்த ஒற்றை வரிதான் அநேக ஆட்டங்களுக்குக் கிடைத்த மரியாதை.

ஒரு கழகம் எங்கிருந்து முளைக்கிறது, எதைத் தின்று வளர்கிறது என்பதைப் புரிந்துகொள்ள, கடல் கடந்து சற்று தூரம் போய்வர உத்தரவு கொடுங்கள். வேல்ஸ் தேசத்தின் வடகிழக்குக் கோடியில், இங்கிலாந்தின் எல்லையை ஒட்டி, ரெக்ஸம் என்றொரு பட்டணம் இருக்கிறது. உலகத்திலேயே மூன்றாவது பழமையானதாகிய வேல்ஸ் கால்பந்துச் சங்கம் 1876 பிப்ரவரியில் அங்கே ஒரு விடுதியில்தான் உருவாயிற்று. அந்தப் பட்டணத்தைச் சுற்றி நிலக்கரிச் சுரங்கமும் இரும்பு வேலையும் செங்கற்சூளையுமாக இருந்த சிறு கிராமங்களே அக்காலத்து வேல்ஸ் கால்பந்தின் ஆதிபீடங்கள். ருவாபன் கிராமத்து ட்ரூயிட்ஸ் அணி 1880க்கும் 1904க்கும் இடையில் வேல்ஸ் கோப்பையை எட்டு முறை வென்றது. பக்கத்திலிருந்த சர்க் என்ற சுரங்கக் கிராமம் 1887க்கும் 1894க்கும் இடையில் ஐந்து முறை வென்றது. சர்க்கில் 1874இல் பிறந்து, பன்னிரண்டு வயதில் சுரங்கத்தில் இறங்கிய பில்லி மெரெடித் என்ற பையன், பிற்காலத்தில் மான்செஸ்டரின் இரண்டு பெருங்கழகங்களுக்கும் ஆடி, நாற்பத்தைந்து வயதிலும் தன் தேசத்தின் சட்டையை அணிந்து களத்தில் நின்றான்.

கோப்பைகளின் கணக்கைக் காட்டிலும் அந்த அணிகளின் அமைப்பே என்னைக் கவர்கிறது. கோலில் நின்றவனும் முன்னே ஓடியவனும் ஒரே சுரங்கத்தில், ஒரே ஷிஃப்டில் இறங்கி ஏறியவர்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரே தேவாலயத்தில் பக்கத்துப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். சனிக்கிழமை ஆட்டத்தில் தோற்றால், திங்கட்கிழமை காலையில் தோற்றதற்குச் சமாதானம் சொல்ல வேண்டியது பக்கத்தில் மண்வெட்டி பிடித்து நிற்பவனுக்குத்தான். நிலக்கரி க்ஷீணித்தபோது அந்தக் கழகங்களும் க்ஷீணித்தன. சில கலைந்தன, சில பக்கத்துக் கிராமத்தோடு இணைந்தன, ட்ரூயிட்ஸ் என்ற பெயரே பல இணைப்புகளைக் கண்டு, 1992இல் கெவன் ட்ரூயிட்ஸ் என்ற புது உருவம் எடுத்தது. ஆனால் கலைந்த கழகத்தின் புகைப்படம்கூட அந்த ஊர் மதுக்கடையின் சுவரில் தொங்குகிறதென்றால், அதற்குக் காரணம் புகைப்படத்தில் இருப்பவரின் பேரன் அந்தச் சுவருக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறான் என்பதுதான்.

நம் நாட்டில் இதே பீஜம் வேறு மண்ணில் விழுந்தது. 1911 ஜூலை 29ஆம் தேதி மோகன் பகான் அணியினர், ஒருவர் நீங்கலாகப் பதின்மரும் வெறுங்காலோடு ஆடி, ஈஸ்ட் யார்க்ஷயர் படையணியை 2-1 என்று வென்ற கதையைப் பள்ளிக்கூடப் புத்தகத்தில் படிக்கிறோம். லண்டன் ஒலிம்பிக்கில், 1948 ஜூலை 31 அன்று, பிரான்சுக்கு எதிராகச் சுதந்திர இந்தியாவின் முதல் ஒலிம்பிக் கோலை அடித்தவர் பெங்களூரைச் சேர்ந்த சாரங்கபாணி ராமன் என்பதையும், அன்று நம்மவர் இரண்டு பெனால்டிகளை வீணாக்கி 1-2 என்று தோற்றதையும் அத்தனை பேர் படிப்பதில்லை. நீலகிரியில் வெலிங்டனிலிருக்கும் மதராஸ் ரெஜிமெண்ட் மையத்து அணி 1955இலும் 1958இலும் டுராண்ட் கோப்பையை வென்றதும், அந்த அணியின் கோல் காப்பாளராயிருந்த பீட்டர் தங்கராஜ் ஆசியாவிலேயே சிறந்தவர் என்று போற்றப்பட்டதும் இன்று எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? பட்டாளமும் ரயில்வேயும் தொழிற்சாலையும்தான் நமக்குச் சுரங்கமாக வாய்த்தன.

இந்தப் பின்னணியில்தான் 1946இல் நேதாஜி ஸ்போர்ட்ஸ் கிளப் சென்னையில் தோன்றியது. அந்த ஆண்டில் அந்தப் பெயரைச் சூட்டிக்கொண்டதற்குத் தனியே ஒரு காரணத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை. செங்கோட்டையில் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தினர்மீது 1945 நவம்பரில் தொடங்கிய விசாரணை நாட்டையே கொந்தளிக்க வைத்திருந்தது. 1946 பிப்ரவரியில் பம்பாய்க் கடற்படை மாலுமிகள் கிளர்ந்தெழுந்தார்கள். மலேயாவின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து அந்த ராணுவத்தில் சேர்ந்த தமிழர்கள் ஆயிரக்கணக்கானோர். அதன் ஜான்சி ராணிப் படையை நடத்திய காப்டன் லக்ஷ்மியோ சென்னையில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். தெருமுனை வாசகசாலைக்கும், தேகப்பயிற்சிக் கூடத்துக்கும், பந்தாட்டக் கழகத்துக்கும் ஒரே பெயரை வைத்துக்கொண்டிருந்த காலம் அது. கால்பந்து ஆட ஒரு பந்தும் ஒரு பெயரும் போதும் என்று நினைத்த இளைஞர்களுக்கு அந்த ஆண்டில் கிடைத்த பெயர்களுள் அதைவிடக் கௌரவமானது வேறெதுவும் இருந்திருக்க முடியாது.

பந்தும் பெயரும் போதும் என்று நான் சொல்வது மிகையில்லை. இந்த மண்டபத்திலிருந்து கிழக்கே நடந்து கடற்கரைக்குப் போய், காலை ஆறு மணிக்கு நின்று பாருங்கள். மீன்பிடிப் படகுகளை ஏற்றிவைத்திருக்கும் மேட்டுக்கும் அலை தொட்டுப்போகும் ஈரமணலுக்கும் இடையிலுள்ள அந்தக் குறுகலான கெட்டித் தரையில் குப்பத்துப் பிள்ளைகள் ஆடுகிறார்கள். இரண்டு செருப்பு ஒரு கோல். எதிரே இரண்டு செருப்பு இன்னொரு கோல். குறுக்குக் கம்பம் இல்லாத காரணத்தால், பந்து கோலியின் தலைக்கு மேலே போனதா இல்லையா என்பதில்தான் நாள்தோறும் சண்டை. "ஓவரு, ஓவரு" என்று ஒரு கட்சியும், "டேய், கைய தூக்கிருந்தா எட்டிருக்கும்டா" என்று மறு கட்சியும் கத்தும். பந்து கடலுக்குள் போய்விட்டால், கடைசியாக அதைத் தொட்டவன்தான் நீந்தி எடுத்துவர வேண்டும் என்பது அங்கே எழுதாச் சட்டம். அந்தச் சட்டத்துக்குப் பயந்தோ என்னவோ, அந்தப் பிள்ளைகள் பந்தைத் தரையோடு தரையாகக் கடத்துவதில் காட்டும் நுட்பத்தை, பெரிய ஸ்டேடியங்களில் ஆடும் சில கனவான்களிடம் நான் கண்டதில்லை.

அப்படி ஆடிய பிள்ளைக்கு இருபது வயதானபோது என்ன கதி? ஐம்பதுகளிலிருந்து தொண்ணூறுகள் வரை இதற்குச் சென்னையில் ஒரு திட்டமான விடை இருந்தது: ஆபீஸ் டீம். தெற்கு ரயில்வே, பெரம்பூர் ஐ.சி.எஃப்., சுங்க இலாகா, அக்கவுண்டண்ட் ஜெனரல் ஆபீஸ், தபால் தந்தி, வங்கிகள் என்று ஒவ்வொரு ஸ்தாபனமும் ஒரு கால்பந்து அணியை வைத்துப் போஷித்தது. நேதாஜி போன்ற தெருக் கழகத்தில் இரண்டு பருவம் நன்றாக ஆடினால், ஏதாவது ஒரு ஆபீஸின் விளையாட்டு அதிகாரி பார்வையில் படலாம்; பட்டால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் உத்தியோகம்; உத்தியோகம் கிடைத்தால் கல்யாணம். ஆட்டத்துக்கு வயது போனபிறகும் மேசை இருக்கும், சம்பளம் இருக்கும், ஓய்வூதியம் இருக்கும். முழங்கால் போனவன் குடும்பத்தோடு நடுத்தெருவில் நிற்க மாட்டான். நம்முடைய கழகங்களுக்குச் சனிக்கிழமை ரசிகர் கூட்டம் வாய்க்கவில்லை. கூடப் பணிபுரியும் குமாஸ்தாக்கள் பர்மிஷன் போட்டுவிட்டு வந்து கைதட்டியதுதான் கூட்டம். ஆனாலும் இந்த ஏற்பாட்டை ஏளனம் செய்பவர்களோடு நான் உடன்படுவதில்லை. இந்தியக் கால்பந்து இதுவரை கண்டுபிடித்தவற்றுள் ஆட்டக்காரனுக்கு மிகவும் மனிதாபிமானமான ஏற்பாடு அதுதான்.

அந்த ஏற்பாட்டின் சிகரம் என்று இந்தியன் வங்கி அணியைச் சொல்லலாம். இந்த நூற்றாண்டின் முதல் சில ஆண்டுகளில் சென்னையிலிருந்து தேசிய கால்பந்து லீகில் ஆடிய அணி அது. சையத் சபீர் பாஷாவைப் போன்ற முன்கள ஆட்டக்காரர்கள் அதில் இருந்தார்கள். எல்லோருக்கும் மேலாக, இந்திய அணியின் தலைவராயிருந்த கேரளத்து வி. பி. சத்யன் தம் ஆட்ட வாழ்வின் பிற்பகுதியில் சென்னைக்கு வந்து, அந்த வங்கியில் பணியாற்றி, அதன் அணிக்கு ஆடி, பின்பு அதற்குப் பயிற்சியும் அளித்தார். கண்ணூர் மாவட்டத்துச் சொக்லியில் 1965இல் பிறந்தவர். 1992இல் கேரளத்துக்குச் சந்தோஷ் கோப்பையைப் பெற்றுத் தந்த தலைவர். அகில இந்திய கால்பந்துக் கூட்டமைப்பின் சிறந்த ஆட்டக்காரர் என்ற விருதைப் பெற்றவர். 2006 ஜூலையில், நாற்பத்தொன்றாம் வயதில், இதே பட்டணத்தில் அவர் வாழ்வு முடிந்தது. 2018இல் மலையாளத்தில் அவரைப் பற்றி 'காப்டன்' என்றொரு திரைப்படம் வெளிவந்து, கேரளத்துத் தியேட்டர்களில் ஜனங்கள் கண் கலங்கினார்கள். அவர் பஸ் ஏறி வேலைக்குப் போய்வந்த சென்னையிலோ, ஒரு சிறு சந்துக்குக்கூட அவர் பெயர் வைக்கப்பட்டதாக என் கண்ணில் பட்டதில்லை.

இந்தியன் வங்கி 2003-04 பருவத்தோடு தேசிய லீகிலிருந்து கீழிறங்கியது. அதற்குள் ஆபீஸ் டீம்களின் அஸ்திவாரமே ஆட்டம் கண்டுவிட்டது. பொதுத்துறையில் ஆளெடுப்பது சுருங்கியது. கணிப்பொறி வந்தபின் வங்கிகளுக்குக் குமாஸ்தாவே வேண்டியிருக்கவில்லை என்னும்போது, பந்து உதைக்கும் குமாஸ்தாவுக்கு எங்கே போவது? இதற்கிடையில், தேசிய லீகில் ஆடும் கழகம் தனிக் கம்பெனியாகப் பதிவாக வேண்டும், சிறுவர் அணிகள் வைத்திருக்க வேண்டும், லைசென்ஸ் பெற வேண்டும் என்று ஆசியக் கூட்டமைப்பின் விதிகள் வந்தன. விதிகள் நியாயமானவையே. ஆனால் அவை எந்த வகை ஸ்தாபனத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டனவோ, அந்த வகை ஸ்தாபனம் நம்மிடம் அப்போது இல்லை. 1996-97இல் முதல் தேசிய லீகையே வென்ற பக்வாராவின் ஜே.சி.டி. மில்ஸ் அணி 2011இல் கலைக்கப்பட்டது. 2005-06இல் அதே லீகை வென்ற பம்பாயின் மஹிந்திரா யுனைடெட் 2010இலேயே மூடப்பட்டது. கோப்பை வாங்கிய கழகம் சாவது நம் நாட்டில் அபூர்வமான சம்பவமன்று.

நேதாஜி ஸ்போர்ட்ஸ் கிளப் இவ்வளவு காலமும் சென்னை லீகின் படிகளில் ஏறியும் இறங்கியும் ஜீவித்துக்கொண்டிருந்தது. பின்னர் புதிய உரிமையாளர் கைக்கு மாறி, சென்னை சிட்டி எஃப்.சி. என்று நாமகரணம் ஆயிற்று. பழைய பெயர் போனதைப் பற்றி நான் புலம்பப் போவதில்லை. காசு போடுகிறவர் தமக்குப் பிடித்த பெயரை வைத்துக்கொள்கிறார். 2016-17 பருவத்துக்கு, பழைய தேசிய லீகின் வாரிசான ஐ லீகில் இரண்டு புதிய கழகங்களை நேரடியாகச் சேர்த்துக்கொள்ள அகில இந்தியக் கூட்டமைப்பு முடிவு செய்தபோது, பஞ்சாபின் மினர்வாவோடு கூடச் சென்னை சிட்டிக்கும் இடம் கிடைத்தது. எழுபது ஆண்டு வயதுள்ள ஒரு லோக்கல் டீம் அகில இந்திய மேடையில் ஏறியது. முதல் பருவம் நேரு ஸ்டேடியத்தில் நடந்தது.

ஆனால் பட்டணத்தில் அப்போது வேறொரு கழகம் இருந்தது. 2014இல் தொடங்கிய சென்னையின் எஃப்.சி., சினிமா நட்சத்திரத்தின் ஒளியோடும் தொலைக்காட்சியின் பலத்தோடும் இந்தியன் சூப்பர் லீகில் ஆடி, 2015இல் கோப்பையையும் வென்றிருந்தது. பெயர்களே ஒன்றுபோல் ஒலித்ததால், எது எந்த அணி என்று டாக்சிக்காரருக்கு விளக்கிச் சொல்லவே நேரம் போயிற்று. அடுத்த பருவத்தில், 2017-18இல், சென்னை சிட்டி தன் ஜாகையைக் கோயம்புத்தூருக்கு மாற்றிக்கொண்டது. வ.உ.சி. பூங்காவை ஒட்டியுள்ள நேரு ஸ்டேடியத்தில், பெயரில் சென்னையைச் சுமந்துகொண்டு, கொங்கு நாட்டு ஜனங்களின் முன்னே ஒரு கழகம் ஆடத் தொடங்கியது. கோவைக்காரர்கள் பெயரைப் பொருட்படுத்தாமல் வந்து உட்கார்ந்தார்கள் என்பதை அவர்களுக்குப் பெருமையாகவே சொல்ல வேண்டும். அந்த அணியில் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் கணிசமாக இருந்தார்கள். கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கோடியில், அரபிக்கடலோரத்தில், இரவிபுத்தன்துறை என்ற மீனவ கிராமத்திலிருந்து வந்த மைக்கேல் சூசைராஜ் அந்தப் பருவத்தில் லீகின் தலைசிறந்த நடுக்கள ஆட்டக்காரராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்; அவருடைய சகோதரர் ரெஜினும் அதே அணியில் ஆடினார். தூத்தூரை மையமாகக் கொண்ட அந்தக் கடற்கரையில் ஒரு கிராமத்தின் எல்லை எங்கே முடிந்து மறு கிராமம் எங்கே தொடங்குகிறதென்று வெளியூரானுக்குத் தெரியாது. ஆனால் கிராமத்துக்கொரு கால்பந்து அணியும், கோயில் திருவிழாவுக்கொரு டோர்னமெண்டும் உண்டு. நான் சொன்ன ருவாபனையும் சர்க்கையும் தமிழ்நாட்டில் எங்கேனும் தேடவேண்டுமென்றால் அங்கேதான் தேட வேண்டும்.

2018-19 பருவத்தின் வெற்றியை யாரும் எதிர்பார்க்கவில்லை. சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாஸ் பயிற்சியாளராக வந்தார். ஸ்பெயினிலிருந்து பெரும் பெயர் இல்லாத ஆட்டக்காரர்களைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு வந்தார்கள்: பெத்ரோ மான்சி, நெஸ்தோர் கொர்தியோ, சாந்த்ரோ ரொத்ரீகஸ், ரொபர்தோ எஸ்லாவா. மான்சி முதல் ஆட்டத்திலேயே மூன்று கோல் அடித்து, பருவ முடிவில் 21 கோல்களோடு நின்றார். இவர்களோடு எட்வின் சிட்னி வான்ஸ்பால், அலெக்சாண்டர் ரொமாரியோ யேசுராஜ் போன்ற நம் பிள்ளைகள் கலந்து ஆடிய ஆட்டம், பந்தை உயரத் தூக்கி அடித்துவிட்டு ஓடுவதையே கால்பந்து என்று எண்ணியிருந்த பலருக்குப் புதிய பாடமாக இருந்தது. சுவிட்சர்லாந்தின் பாசல் கழகம் வந்து 26 விழுக்காடு பங்கை வாங்கிக்கொண்டதும் இதே காலத்தில்தான்.

கடைசி நாள் 2019 மார்ச் 9. சென்னை சிட்டியிடம் 40 புள்ளி. ஒரே புள்ளி பின்னால் ஈஸ்ட் பெங்கால். கோவையில் சென்னை சிட்டிக்கு எதிரே நின்றது, தன்னோடு ஒரே நாளில் லீகில் நுழைந்து, முந்திய பருவத்தில் பட்டத்தையும் வென்றிருந்த மினர்வா. கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலுக்கு எதிரே கோகுலம். இரண்டு ஆட்டமும் ஒரே நேரத்தில். தொடங்கி மூன்றாவது நிமிஷத்திலேயே மினர்வா கோல் அடித்துவிட்டது. கையில் ரேடியோ இருந்த காலம் போய் எல்லோர் கையிலும் கைப்பேசி வந்துவிட்டபடியால், காலரியில் உட்கார்ந்திருந்தவர்கள் ஒரு கண்ணைக் களத்திலும் ஒரு கண்ணைக் கோழிக்கோட்டிலும் வைத்துத் தவித்தார்கள். இடைவேளை வரை அதே நிலை. 56ஆம் நிமிஷத்தில் பெனால்டி கிடைத்து மான்சி சமன் செய்தார். 69ஆம் நிமிஷத்தில் கௌரவ் போரா என்ற இளைஞர் முன்னிலை வாங்கிக் கொடுத்தார். ஆட்டம் முடியும் தறுவாயில் அவரே மூன்றாவதையும் அடித்தார். பருவம் முழுவதும் கோலடித்த ஸ்பானியர்கள் நிற்க, இறுதி நாளில் பாரத்தைச் சுமந்தது இருபத்தொரு வயதுகூட நிரம்பியிருக்குமோ இல்லையோ என்று சொல்லத்தக்க ஒரு பையன். அங்கே ஈஸ்ட் பெங்காலும் பின்தங்கி, மீண்டு, 2-1 என்று வென்றது. 43க்கு 42. தமிழ்நாட்டுக் கழகமொன்று தேசிய லீகை வென்றது அதுவே முதல் தடவை.

வென்றதும் என்ன நடந்தது என்பதைத்தான் நிதானமாகக் கவனிக்க வேண்டும். ஏழு மாதம் கழித்து, 2019 அக்டோபரில், ஆசியக் கூட்டமைப்பின் நிர்வாகக் குழு வகுத்த பாதைப்படி இந்தியன் சூப்பர் லீகே நாட்டின் முதல்நிலை லீக் என்றாயிற்று. ஐ லீக் இரண்டாம் நிலைக்கு இறங்கிற்று. உச்சிப்படி என்று நினைத்து ஏறி நின்ற இடம், நின்றுகொண்டிருக்கும்போதே ஒரு படி கீழே இறக்கப்பட்டது. விளம்பரம் கொடுப்பவர்களும் தொலைக்காட்சியும் எந்தப் பக்கம் திரும்புவார்கள் என்பதைச் சொல்ல ஜோசியர் வேண்டாம். கொர்தியோ ஹைதராபாத்துக்கும், வான்ஸ்பால் சென்னையின் எஃப்.சி.க்கும் போனார்கள். மான்சி 2020இல் ஜப்பானுக்குப் போனார். 2020 ஜனவரியில் ஆசிய சாம்பியன்ஸ் லீகின் ஆரம்பச் சுற்றில் பஹ்ரைனின் ரிஃபா அணியோடு ஆடும் வாய்ப்பு வந்தது. ஒரு கழகத்தின் ஜீவிதத்தில் அதைவிடப் பெரிய நாள் கிடையாது. சென்னை சிட்டி சொந்த மைதானத்து அணியாக ஆடிய அந்த ஆட்டம் சென்னையிலும் நடக்கவில்லை, கோயம்புத்தூரிலும் நடக்கவில்லை, ஆமதாபாத்தில் நடந்தது. 0-1 என்று தோற்றது. மார்ச்சில் கொள்ளைநோய் வந்து லீகை நிறுத்தியது. 2020-21 பருவம் முழுவதும் நோய்க்காப்பு வளையத்துக்குள், ரசிகர் இல்லாமல், வங்காளத்தில் நடந்தது. அதற்குப் பிறகு ஐ லீகில் சென்னை சிட்டி ஆடவில்லை.

உரிமையாளர்கள், கூட்டமைப்பு, ஒளிபரப்பாளர், நோய் என்று காரணங்களை வரிசைப்படுத்தி ஒருவர்மேல் ஒருவராகப் பழி போடுவது சுலபம். என் கருத்து வேறு. இந்தக் கழகம் எடுத்துவைத்த ஒவ்வொரு முன்னடியிலும் அதன் மைதானம் அதன் ஜனங்களை விட்டு ஒரு பாகை விலகிக்கொண்டே போயிற்று. நேதாஜி கிளப்பின் லீக் ஆட்டத்துக்கு வந்த ஐம்பது பேரும் ஆட்டக்காரனின் அண்ணனும் மாமாவும் தெருக்காரனுமாக இருந்தார்கள். சென்னை நேரு ஸ்டேடியத்தில் அவர்கள் ஒரு பெரிய காலியிடத்தின் மூலையில் கரைந்தார்கள். கோவையில் புதிய அபிமானிகள் வந்தார்கள், ஆனால் இரண்டு மூன்று பருவத்து அபிமானம் அது. ஆமதாபாத்தில் யாருமே இல்லை. கழகம் நின்றுபோனபோது அதன் வாசலில் போய் நின்று, ஏன் நிறுத்தினீர்கள் என்று அதட்டிக் கேட்கும் பாத்தியதை உள்ளவர் எந்த ஊரில் இருந்தார்? 2017இல் கோவைக்குப் போனதைத் தவறு என்று சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. அங்கே போயிராவிட்டால் அந்தக் கோப்பையும் வந்திராது. கோப்பையும் ஜனங்களும் சேர்ந்தே இருப்பதற்கு வேண்டிய காலத்தை இந்நாட்டுக் கால்பந்து எந்தக் கழகத்துக்கும் தருவதில்லை என்பதே உண்மை.

இதற்கு ஓர் எதிர்வாதமும் உண்டு; அதை மறைத்துப் பேசுவது அவைக்கு அடுக்காது. அன்று கோவையில் தோற்ற மினர்வாவைப் பாருங்கள். அதுவும் கைமாறியது, 2020இல் ரவுண்ட்கிளாஸ் என்ற நிறுவனத்திடம் போயிற்று, பெயர் மாறிற்று. ஆனால் 2022-23இல் ஐ லீகை வென்று, களத்தில் வென்ற தகுதியாலேயே இந்தியன் சூப்பர் லீகுக்கு ஏறிய முதல் கழகம் என்ற பெருமையைப் பஞ்சாப் எஃப்.சி. என்ற பெயரில் பெற்றது. ஒரே நாளில் ஒரே கதவு வழியாக உள்ளே வந்த இரண்டு கழகங்களில் ஒன்று பிழைத்தது, ஒன்று பிழைக்கவில்லை. பொறுமையும் பணமும் உள்ள ஒரு கை கிடைத்தால், ஜனங்கள் கூடாத மைதானத்திலும் ஒரு கழகம் உயிரோடிருக்கலாம் என்று இதைக் காட்டி யாரேனும் வாதித்தால், அதற்கு என்னிடம் முழுமையான பதில் இல்லை. அந்தக் கை எத்தனை காலம் நீட்டியபடியே இருக்கும் என்று திருப்பிக் கேட்பதோடு நிறுத்திக்கொள்வேன், ஜே.சி.டி.க்கும் மஹிந்திராவுக்கும் இருந்தவையும் பெரிய கைகள்தாம்.

இனி ஒரு விண்ணப்பம். 2019 மார்ச் 9ஆம் தேதி ஆட்டத்தை நிமிஷவாரியாகச் சொல்ல என்னால் முடிந்தது. ஏனென்றால் அது ஒளிப்பதிவாகி, நாலு தேசத்துப் பத்திரிகைகளில் அச்சாகியிருக்கிறது. அதற்கு முந்திய எழுபது ஆண்டுகள் அலமாரிகளிலும் பரண்களிலும்தான் இருக்கின்றன. நேதாஜி கிளப்புக்கு மட்டும் இது பொருந்துமென்றில்லை. சென்னை லீகில் ஆடி நின்றுபோன ஒவ்வொரு தெருக் கழகத்துக்கும், கலைக்கப்பட்ட ஒவ்வொரு ஆபீஸ் டீமுக்கும் பொருந்தும். குழுப் புகைப்படம், லீக் பதிவுச் சீட்டு, டோர்னமெண்ட் நோட்டீஸ், கணக்கு நோட்டு, துணி மடித்துவைத்த பழைய ஜெர்சி, எதுவானாலும் சரி. புகைப்படமானால், பின்பக்கத்தில் இன்னார் இன்னார் என்று இடமிருந்து வலமாகப் பெயர்களைப் பென்சிலால் எழுதிக் கொடுங்கள். பேனா வேண்டாம், மை மறுபக்கம் ஊறிவிடும். வீட்டிலுள்ள பெரியவர்களிடம் கேட்டு எழுதுவதானால் இந்த மாதமே கேட்டுவிடுவது உத்தமம். அறக்கட்டளையார் அவற்றைப் பிரதி எடுத்துக்கொண்டு மூலத்தை உடனே திருப்பித் தந்துவிடுவதாகத் தலைவர் எனக்கு வாக்களித்திருக்கிறார். வாசலில் மேசை போட்டு ஒருவர் அமர்ந்திருக்கிறார், அவரிடம் உங்கள் முகவரியைத் தந்துவிட்டுப் போகலாம்.